பழைய காரும் டைமிங் செயினும்: வாங்குவதற்கு முன் அறிய வேண்டியவை

பயன்படுத்திய கார் ஒன்றை வாங்குவதற்காகக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர், அந்தக் காரைப் பற்றிப் பெரும்பாலும் மூன்று செய்திகளைக் கூறுவார்: எந்த ஆண்டில் பதிவானது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை உரிமையாளர்களைக் கண்டது. வண்ணப்பூச்சு மங்கவில்லை, டயர்கள் புதியவை என்பனவற்றையும் சிலர் சேர்த்துச் சொல்வர். இவை யாவும் தேவையான செய்திகளே. ஆயினும், எஞ்சினின் மூடிய உறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றுகொண்டிருக்கும் ஓர் உறுப்பைப் பற்றி எவரும் கேட்பதும் இல்லை, எவரும் சொல்வதும் இல்லை. அந்த உறுப்பின் பெயர் டைமிங் செயின்.

நல்ல நிலையில் உள்ள டைமிங் செயின், உரிமையாளர் அதன் பெயரைக்கூட அறியாத அளவுக்கு அமைதியாகப் பல ஆண்டுகள் உழைக்கும். தேய்ந்துபோன செயின் ஒரு நாள் நழுவினால் அல்லது அறுந்தால், சில நொடிகளில் எஞ்சின் முழுவதும் பழுதாகக்கூடும். அந்தச் செலவைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. கார் பணிமனையில் நின்றாலும் கடனின் மாதத் தவணை நிற்பதில்லை. ஆகவே இது மெக்கானிக் மட்டும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அன்று. கடன் பெற்று வாகனம் வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி எனக் கருதியே இக்கட்டுரையை வழங்குகிறோம்.

டைமிங் செயின் என்ன செய்கிறது?

எஞ்சினில் இரண்டு முக்கியமான சுழல் தண்டுகள் உள்ளன. பிஸ்டன்கள் மேலும் கீழும் நகரும் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். காற்று உள்ளே வருவதற்கும் எரிந்த புகை வெளியேறுவதற்கும் வழிவிடும் வால்வுகளைத் திறக்கச் செய்வது கேம் ஷாஃப்ட். நம் கார்களில் உள்ள நான்கு வீச்சு எஞ்சினில், கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு முறை சுற்ற வேண்டும். இந்த இரண்டையும் இணைத்து, இந்த விகிதம் சிறிதும் பிசகாமல் காப்பதே டைமிங் செயினின் பணி.

இப்பணியின் கடுமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். அப்போது கேம் ஷாஃப்ட் நிமிடத்திற்கு 1,500 சுற்றுகிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு விலகிவிட வேண்டும்.

செயின் தனித்து இயங்குவதில்லை. அதன் இரு புறமும் கைடு எனப்படும் வழுவழுப்பான தாங்குபட்டைகள் உள்ளன. இவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. செயின் தொய்வடையாதபடி அழுத்திப் பிடிக்க டென்ஷனர் என்ற பாகம் உள்ளது. இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் டென்ஷனரை இயக்குவது எஞ்சின் ஆயிலின் அழுத்தமே. இதை வாசகர்கள் நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். இக்கட்டுரையில் பின்னர் சொல்லப்படும் பலவும் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

செயினா, பெல்ட்டா?

எல்லாக் கார்களிலும் செயின் இருப்பதில்லை. பல கார்களில் இதே வேலையைப் பற்களுடைய ரப்பர் பெல்ட் செய்கிறது. கார்களில் இந்த வகை பெல்ட்டை முதன்முதலில் பெருமளவில் பயன்படுத்தியது ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம். ஆண்டு 1962. அதற்கு முன்னும் பின்னும் செயின் வழக்கத்தில் இருந்தே வந்திருக்கிறது. நம் சாலைகளை நீண்ட காலம் ஆண்ட அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சினிலும் செயினே இருந்தது.

இந்தியாவில் பழைய கார்ச் சந்தையில் அடிக்கடி காணப்படும் சில வாகனங்களை எடுத்துக்கொள்வோம். மாருதி 800, 2.5 லிட்டர் டீசல் இன்னோவா, 1.5 லிட்டர் டீசல் டஸ்டர் ஆகியவற்றில் பெல்ட் உள்ளது. கே வரிசை பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஸ்விஃப்ட், ஐ-விடெக் எஞ்சின் கொண்ட ஹோண்டா சிட்டி ஆகியவற்றில் செயின் உள்ளது. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினிலும் செயினே. மாருதியின் டீசல் ஸ்விஃப்ட், டிசையர், டாடாவின் இண்டிகா விஸ்டா, ஃபியட்டின் புன்டோ எனப் பல கார்களில் இந்த ஒரே எஞ்சின் பொருத்தப்பட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது. எனவே இன்று விற்பனைக்கு வரும் டீசல் ஸ்விஃப்ட் எதுவாயினும் அது அதற்கு முற்பட்ட வாகனமாகவே இருக்கும்.

பெல்ட்டுக்கும் செயினுக்கும் இடையே வாங்குவோர் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பெல்ட்டை எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை ஆண்டுகளில் மாற்ற வேண்டும் எனத் தயாரிப்பாளர் கையேட்டில் அச்சிட்டுத் தருகிறார். ஆகவே, "பெல்ட் எப்போது மாற்றப்பட்டது?" என்று கேட்டால் ஒரு தேதியோ ஒரு ரசீதோ விடையாகக் கிடைக்கும். செயினுக்குப் பெரும்பாலும் அத்தகைய கெடு எதுவும் குறிப்பிடப்படுவதில்லை. இதனால், "இது செயின் வண்டி, எஞ்சின் உள்ளவரை மாற்ற வேண்டியதே இல்லை" என்று விற்பவர் கூறுகிறார், வாங்குபவரும் நிம்மதி அடைகிறார்.

அக்கூற்று பாதி உண்மை. தூய்மையான ஆயில், போதிய அளவில், உரிய காலத்தில் மாற்றப்பட்டு வந்தால் செயின் எஞ்சினின் ஆயுள் முழுவதும் உழைக்கும் என்பதே முழு உண்மை. முதல் உரிமையாளர் அந்த நிபந்தனையைக் காத்தாரா என்பதை அறியாமல், அந்த உறுதிமொழியை இரண்டாம் உரிமையாளர் நம்புவதற்கில்லை.

செயின் ஏன் நீளுகிறது?

"செயின் நீண்டுவிட்டது" என மெக்கானிக்குகள் கூறுவது வழக்கம். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. சைக்கிள் செயினைப் போலவே இதுவும் பல இணைப்புகளால் ஆனது. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு சிறு ஊசி, அதைச் சூழ்ந்த ஒரு குழல். இவை ஒன்றோடொன்று உரசி மிக நுண்ணிய அளவில் தேய்கின்றன. ஓர் இணைப்பின் தேய்மானம் 0.02 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது தலைமயிரின் தடிமனைவிடவும் குறைவு. ஆனால் 150 இணைப்புகள் உள்ள செயினில் அது மொத்தம் 3 மில்லிமீட்டராகிறது. அந்த அளவுக்குக் கேம் ஷாஃப்ட் பின்தங்கத் தொடங்குகிறது. டென்ஷனர் முன்னே நகர்ந்து தொய்வை ஈடுசெய்கிறது. டென்ஷனர் நகர்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை கடந்தபின் செயின் கைடுகளின் மீது மோதி ஒலி எழுப்புகிறது. கைடு உடைந்தால் அதன் துண்டுகள் ஆயில் தொட்டிக்குள் விழுந்து, ஆயில் பம்பு உறிஞ்சும் வடிகட்டியை அடைக்கவும் கூடும்.

இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துபவை பெரும்பாலும் ஆயில் தொடர்பான காரணங்களே. முதலாவது, ஆயிலைக் காலம் கடந்து மாற்றுவது. டீசல் எஞ்சினின் ஆயிலில் சேரும் நுண்கரி, மிக மெல்லிய உப்புத்தாளைப் போல இணைப்புகளைத் தேய்க்கிறது. இரண்டாவது, ஆயில் அளவு குறைவது. மேலே குறிப்பிட்ட 1.3 லிட்டர் டீசல் எஞ்சினில் மொத்த ஆயிலே ஏறத்தாழ 3 லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். மூன்றாவது, தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரம் அல்லாத மலிவான ஆயிலை ஊற்றுவது. நான்காவது, எஞ்சின் முழுச் சூட்டை அடைவதற்கு முன்பே நின்றுவிடும் குறுகிய பயணங்கள். அவற்றால் எரியாத எரிபொருள் ஆயிலில் கலந்து அதன் வழுவழுப்பைக் குறைக்கிறது. புகைக்கரியை எரித்துத் தூய்மைப்படுத்தும் வடிகட்டி கொண்ட பி.எஸ். 6 டீசல் கார்கள் சிலவற்றிலும், நகரத்திற்குள்ளேயே ஓட்டுவோருக்கு இதே இடர் உண்டு.

பயன்பாடு மட்டுமன்றி வடிவமைப்பும் சில வேளைகளில் காரணமாகலாம். ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் டைமிங் செயின் அமைப்பைப் பற்றி அமெரிக்க உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு 2018-இல் சமரசத் தீர்வில் முடிந்தது. எனவே விலையுயர்ந்த கார் என்பதால் இக்கவலை இல்லை என எண்ண வேண்டா. சில ஐரோப்பிய எஞ்சின்களில் செயின், எஞ்சினின் பின்புறத்தில் கியர்பாக்ஸை ஒட்டி அமைந்திருக்கும். அவற்றில் செயினை மாற்ற, எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்ற நேர்வதால் கூலி பன்மடங்காகிறது.

நழுவினால் என்ன ஆகும்?

தொய்ந்த செயின் பற்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் எஞ்சின் தடுமாறும், இழுவை குறையும், எச்சரிக்கை விளக்கு எரியும். பல பற்கள் தாண்டினாலோ செயின் அறுந்தாலோ, திறந்த நிலையில் நிற்கும் வால்வின் மீது மேலேறி வரும் பிஸ்டன் மோதும். டீசல் எஞ்சின்களில் ஏறக்குறைய அனைத்தும், பெட்ரோல் எஞ்சின்களில் பலவும், இவ்வாறு மோதல் நிகழக்கூடிய அமைப்பு உடையவை. வால்வுகள் வளையும்; பிஸ்டன் தலை பிளக்கலாம்; சிலிண்டர் ஹெட் முழுவதும் கழற்றப்பட வேண்டும். ஓடும் வாகனம் நெடுஞ்சாலை நடுவில் திடீரென நின்றுவிடும் ஆபத்தும் உண்டு.

தேய்ந்த செயினை உரிய நேரத்தில் மாற்றும் செலவுக்கும், அறுந்தபின் எஞ்சினைச் சீர்செய்யும் செலவுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. வயதான சிறு காரில் இரண்டாவது செலவு காரின் சந்தை மதிப்பையே நெருங்கிவிடலாம். நல்வாய்ப்பாக, செயின் பெரும்பாலும் முன்னறிவிப்பு இன்றி அறுவதில்லை. அதன் அறிவிப்பைக் கேட்க நாம் அறிந்திருக்க வேண்டும்.

அறிகுறிகள்

முதல் அறிகுறி ஒலி. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் முதன்முறை கிளப்பும்போது, டென்ஷனரில் ஆயில் அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்திருக்கும். தேய்ந்த செயினாயின் அந்த ஓரிரு நொடிகளில் டப்பாவுக்குள் ஆணிகளைக் குலுக்கியது போன்ற கலகல ஒலி எழும். தொடக்க நிலையில் அது உடனே அடங்கிவிடும். தேய்மானம் முற்றியபின் சூடான எஞ்சினிலும் அந்த ஒலி தொடரும். டீசல் எஞ்சினின் இயல்பான தடதடப்பிலிருந்து இதைப் பிரித்தறிய, செயின் உறை இருக்கும் பக்கத்தில் காதைச் செலுத்திக் கேட்க வேண்டும். ஐயம் இருப்பின் அனுபவமுள்ள மெக்கானிக்கே தீர்ப்புச் சொல்லட்டும். வெளிப்புற பெல்ட்டோ புல்லியோ தேய்ந்திருந்தாலும் ஒலி எழலாம்.

இரண்டாவது அறிகுறி, கருவிப் பலகையில் எரியும் எஞ்சின் விளக்கு. கிராங்க், கேம் இரண்டின் நிலையும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கார்க் கணினி உணர்ந்தால் ஒரு பிழைக் குறியீட்டைப் பதிவு செய்யும். பி-0016, பி-0017 ஆகியவை இவ்வகையில் அடிக்கடி காணப்படுபவை. உணர்விக் கோளாறு, அழுக்கான ஆயில் போன்ற வேறு காரணங்களாலும் இவை தோன்றலாம் என்பதால், குறியீட்டை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

மூன்றாவது, இழுவைக் குறைவு, சீரற்ற ஐடிலிங், கிளப்புவதில் தாமதம் ஆகியவை. நான்காவது, ஆயில் மாற்றும்போது வடிகட்டியிலோ வடித்த ஆயிலிலோ தென்படும் உலோகத் துகள்களும் பிளாஸ்டிக் துண்டுகளும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, காரைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். விற்பவரிடம் முன்னதாகவே, "நாங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்" எனக் கூறிவிடுங்கள். சென்றவுடன் பானெட்டின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காரணம் எதுவாயினும், மற்றொரு காலையில் வருவதாகச் சொல்லித் திரும்புவதில் தவறில்லை. வாங்குபவரின் கையில் உள்ள மிக எளிய சோதனை முதல் கிளப்பலின் ஒலி. அதை இழக்கக் கூடாது. பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் கிளப்ப, மற்றொருவர் அருகில் நின்று கேட்பது சிறந்தது. கைபேசியில் ஒலியைப் பதிவு செய்துகொண்டால் பின்னர் மெக்கானிக்கிடம் காட்டலாம்.

இரண்டாவதாக, கிளப்புவதற்கு முன் ஆயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டிற்கும் குறைவாக இருந்தால், அது இன்று மட்டும் நேர்ந்த குறை என நம்புவது கடினம். டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே தார் போன்ற கெட்டியான கசடு படிந்திருந்தால், ஆயில் நீண்ட காலம் மாற்றப்படவில்லை என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவதாக, சர்வீஸ் பதிவுகளைத் தேதி வாரியாகப் படியுங்கள். எத்தனை முறை சர்வீஸ் செய்யப்பட்டது என்பதைவிட, இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாதம் கடந்தது என்பதே முக்கியம். நம் நாட்டில் பல கார்களுக்குப் பொதுவான அளவு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்தியோ அது. ஒருமுறை 10,000, அடுத்த முறை 24,000 எனப் பதிவு இருந்தால், இடையில் வெளிப் பணிமனையில் ஆயில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையேல், மாற்றப்படவில்லை என்றே கொண்டு விலை பேசுங்கள். இலவச சர்வீஸ் காலம் முடிந்தபின் பதிவே இல்லாத கார்கள் உண்டு. அவற்றில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இப்பதிவுகளைக் கொண்டே ஓடிய தூரத்தையும் சரிபார்க்கலாம். மீட்டரைத் திருத்த முடியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் சர்வீஸ் நிலையத்தில் பதிவான எண்ணைத் திருத்துவது எளிதன்று.

வெளி மாநிலத்திலிருந்து வந்த கார்களில் இது மேலும் முக்கியம். தலைநகர் டில்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் ஓடக் கூடாதெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதன் விளைவாக அங்கிருந்து பல டீசல் கார்கள் குறைந்த விலையில் பிற மாநிலங்களுக்குச் சென்றன. அவை யாவும் பழுதானவை என்பதன்று. ஆனால் நெரிசலில் நின்று நின்று ஓடிய எஞ்சின், கிலோமீட்டர் கணக்கில் தெரிவதைவிட அதிக நேரம் சுழன்றிருக்கும். விலைக்குறைவைக் கண்டு மயங்காமல், பதிவு எண்ணைக் கொண்டு அந்நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் பழைய விவரங்களைக் கேட்டறிவது நல்லது. விற்பவரின் ஒத்துழைப்பு இதற்குத் தேவைப்படலாம். அவர் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு விடையே.

நான்காவதாக, விற்பவருடன் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். ஸ்கேனர் கருவியை இணைத்து, பதிவான பிழைக் குறியீடுகளையும், கேம் கிராங்க் ஒத்திசைவின் அளவையும் அவர் பார்க்க வேண்டும். விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதாது. குறியீடுகளைச் சில நிமிடங்களுக்கு முன் அழித்துவிட்டிருக்கலாம். அண்மையில் அழிக்கப்பட்டதா என்பதையும் ஸ்கேனரில் காண இயலும். செயின் உறையின் ஓரத்தில் புதிய பசை தென்பட்டால், அது அண்மையில் திறக்கப்பட்டிருக்கிறது. செயின் மாற்றப்பட்டதாயின் அது நல்ல செய்தியே. ஆனால் ரசீதும், மாற்றிய பாகங்களின் பட்டியலும் காட்டப்பட வேண்டும். செயின், டென்ஷனர், கைடுகள் ஆகியவை ஒருசேர மாற்றப்படுவதே முறை. பற்சக்கரங்களும் தேய்ந்திருந்தால் அவையும் மாற்றப்பட வேண்டும். தேய்ந்த பற்சக்கரத்தில் புதிய செயினை மட்டும் பூட்டினால் அது விரைவில் மீண்டும் தேயும்.

ஐந்தாவதாக, ஐயம் எழுந்தால் விலை பேசுவதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் செயின் மாற்றும் செலவின் மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். அத்தொகையை விலையிலிருந்து கழிக்க விற்பவர் இசைந்தால் வாங்கலாம். பின்னர் முதல் வேலையாகச் செயினை மாற்றிவிட வேண்டும். இசையாவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுவதே மேல். பழைய கார்ச் சந்தையில் அடுத்த கார் கிடைக்காமல் போவதில்லை.

காப்பீடும் கடனும்

கடன் வழங்கும் முன் வங்கி மதிப்பீட்டு அறிக்கை பெறுகிறதே, அதில் இதெல்லாம் தெரிந்துவிடாதா என வாடிக்கையாளர்கள் எண்ணக்கூடும். வெளிப்படையாகவே கூற விரும்புகிறோம்: மதிப்பீட்டாளர் வாகனத்தின் அடையாளம், ஆவணங்கள், புறநிலை, சந்தை விலை ஆகியவற்றையே முதன்மையாகப் பார்க்கிறார். அவர் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கடன் அனுமதிக்கப்பட்டது என்பதை எஞ்சின் நலமாக உள்ளது என்பதற்கான சான்றாகக் கொள்ள வேண்டா.

காப்பீட்டைப் பொறுத்தவரை, தனியார் கார்களுக்கான வழக்கமான முழுக் காப்பீட்டுப் பாலிசி விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றால் வரும் சேதத்துக்கே பொறுப்பேற்கிறது. தேய்மானமும் இயந்திரப் பழுதும் அதில் வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன. எஞ்சின் பாதுகாப்பு என்ற பெயரில் கூடுதல் கட்டணத்திற்கு வழங்கப்படும் சேர்க்கை பெரும்பாலும் எஞ்சினுக்குள் நீர் புகுதல், அடிப்பகுதி மோதி ஆயில் கசிதல் ஆகியவற்றையே கருதுகிறது. காலத்தால் தேய்ந்த செயின் அதில் அடங்குவதில்லை. பழைய கார் விற்பனையகங்கள் தரும் உத்தரவாதத்தில் எஞ்சின் என்ற சொல் இருப்பது மட்டும் போதாது. டைமிங் செயின் அதில் சேர்கிறதா, தொகைக்கு உச்சவரம்பு உள்ளதா, ஆயில் மாற்றம் எங்கே செய்யப்பட வேண்டும் என்பனவற்றைப் படித்தறிந்தபின் கையெழுத்திடுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ரூ. 5 லட்சம் விலையுள்ள காருக்கு ரூ. 1 லட்சம் கைப்பணம் செலுத்தி, ரூ. 4 லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்குப் பெறுவதாகக் கொள்வோம். (வட்டி விகிதம் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.) மாதத் தவணை ரூ. 8,697. ஓராண்டு தவறாமல் செலுத்தினால் மொத்தம் ரூ. 1,04,364 கட்டியிருப்பீர்கள். ஆனால் தொடக்கத்தில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால், நிலுவை அப்போதும் ஏறத்தாழ ரூ. 3,36,500 இருக்கும். பதின்மூன்றாம் மாதத்தில் செயின் அறுந்து கார் ஓடாமல் நின்றால், பழுதுச் செலவும் தவணையும் ஒரே வேளையில் வந்து சேரும். பழுதான நிலையிலேயே விற்றால், கிடைக்கும் தொகை நிலுவையைத் தீர்க்கப் போதாமல் போகலாம். அந்தக் காரை ஓட்டியே வருவாய் ஈட்டும் குடும்பத்திற்கு இது மூன்றாவது இழப்பையும் கூட்டுகிறது.

எனவே எங்கள் ஆலோசனை இதுதான். கையிலுள்ள பணம் முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிடாதீர்கள். பழைய கார் வாங்கும்போது, முதலாண்டுப் பழுதுகளுக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். செயின் மாற்றும் மதிப்பீட்டுத் தொகையை அதற்குக் குறைந்த அளவாகக் கொள்ளலாம். தேவைப்படாவிட்டால் அது உங்கள் சேமிப்பாகவே இருக்கும்.

ஆவணங்களிலும் கவனம் வேண்டும். பழைய வாகனங்களை வாங்கி விற்கும் வணிகர்கள் பதிவு அலுவலரிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த அங்கீகாரத்தைக் கேட்டுப் பாருங்கள். சர்வீஸ் வரலாறு, ஓடிய தூரம், எஞ்சின் நிலை குறித்து விற்பவர் கூறும் உறுதிகளை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது பின்னர் நினைவில் இருப்பதில்லை. வணிகரிடம் வாங்கும்போது, அந்த எழுத்து பிற்காலத்தில் நுகர்வோர் ஆணையத்தை அணுக நேர்ந்தால் சான்றாக உதவும். பதிவுச் சான்றிதழில் முந்தைய கடனுக்கான பிணைக் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்பதையும் காணத் தவறாதீர்கள்.

வாங்கிய பின்

நம்பத்தக்க பதிவு இல்லாத காராயின், வாங்கிய வாரத்திலேயே எஞ்சின் ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். கையேட்டில் குறிப்பிட்ட தரத்தையே கேட்டு வாங்குங்கள். பெறும் ரசீதைப் பாதுகாத்து வையுங்கள். அன்றிலிருந்து கணக்கு உங்களுடையது.

மாதம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்தபின் ஆயில் அளவைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நெடும்பயணத்திற்கு முன்னும் பாருங்கள். பெரும்பாலும் நகருக்குள் குறுகிய தூரம் ஓட்டுபவராயின், கிலோமீட்டர் நிறையாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே தீர வேண்டும். காலையில் கிளப்பியவுடன் எஞ்சினை உறுமவிடாதீர்கள். ஆயில் மேலேறச் சில நொடிகள் கொடுங்கள். சிவப்பு நிற ஆயில் அழுத்த விளக்கு ஓடும்போது எரிந்தால், அடுத்த பணிமனைவரை போய்விடலாம் என எண்ணாமல் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அழுத்தம் இல்லாத ஆயிலில் டென்ஷனரும் இல்லை என்பதை முன்பே கண்டோம்.

கலகல ஒலி ஒருநாள் கேட்டால், அடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அன்று மாற்றினால் அது ஒரு செயினின் செலவு. பிற்பாடு என்றால் அது ஓர் எஞ்சினின் செலவாக முடியலாம்.

என்றேனும் நீங்களும் அந்தக் காரை விற்பீர்கள். அப்போது அடுத்து வாங்குபவர் உங்களிடம் வந்து, எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினீர்கள் எனக் கேட்பார். தேதி வரிசையில் அடுக்கிய ரசீதுகளை எடுத்து நீட்ட முடிந்தால், அந்தக் கோப்பு உங்கள் காருக்கு நல்ல விலையைப் பெற்றுத் தரும். அதுவரை உங்கள் எஞ்சினையும் காத்திருக்கும்.